சக்கை விழுந்த மட்காடு

ஜூன் 3, திங்கள்

பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. இத்தனை காலம் இது எனக்கு வெறும் தகவல். லைசென்ஸ் வாங்கிய பிறகு வரமாகிவிட்டது. கோட்டைக்குள் சுற்றுலா பஸ் இல்லை, தொப்பி போட்டுக்கொண்டு குறுக்கே நடப்பவர்கள் இல்லை. ரிவர்ஸ் எடுத்துப் பழக அதைவிட நல்ல இடம் இந்த ஜில்லாவில் கிடையாது. கடைசியாக எடுத்தது நூல் பிடித்தது போல நேராக வந்தது.

ஆன்ட்ரூஸ் பக்கத்தில் உட்கார்ந்து கால்மிதியை வலது காலால் அழுத்திக்கொண்டே வந்தார். (நேரில் நான் வீட்டுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இங்கே எழுதலாம், யாரும் கேட்க வரமாட்டார்கள்.) "அங்க பிரேக் இல்ல" என்றேன். "கால் மரத்துப்போச்சு, அதான்" என்றார்.

அவருக்கு இடது முட்டில் ஆபரேஷன் செய்த பிறகு கிளட்ச் மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் நான், ஓய்வுபெற்ற டீச்சர் சத்தியபாய், ஐம்பத்தொன்பது வயதில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போக வேண்டிவந்தது. வண்டி எங்கள் பழைய வெள்ளை மாருதி எண்ணூறு. மகள் ஜினிஷா ஆறாம் வகுப்பு படிக்கும்போது வந்தது. அவள் இப்போது மஸ்கட்டில் நர்ஸ்.

ஜூன் 5, புதன்

முதல் தடவை தனியாக. தக்கலைச் சந்தைக்குப் போய், மீன் வாங்கி, ஒரு கீறல் இல்லாமல் திரும்பி வந்தேன். வழியில் பாதி ஊர் பார்த்தது. எனக்குப் பெருமைதான், மறைப்பானேன்.

ஜூன் 6, வியாழன்

காலை ஜெபம் பாதியில் இருக்கும்போது வெளியே தொம்மென்று சத்தம். ஆமென் சொல்லாமலே எழுந்து ஓடினோம். சக்கை. முழுப் பலாப்பழம், உறை போட்டு நின்ற காருக்கு முன்னால் வெடித்துக் கிடந்தது. நல்ல வரிக்கை, தேன் மாதிரி மணம்.

மரத்தின் அடிமூடு அடுத்த வீட்டு வைகுண்டராஜன் மனையில். பெரிய கொம்பு ஒன்று மதிலைத் தாண்டி எங்கள் முற்றத்தில். இரண்டு வருடத்துக்கு முன் இதற்காக ஆன்ட்ரூஸும் அவரும் நாலு பேர் முன்னால் வாய்ச்சண்டை போட்டார்கள். "மரம் எனக்கு, சக்கையும் எனக்கு" என்றார் அவர். "எங்க மண்ணுல விழுந்தா எங்களுக்கு" என்றார் இவர். அன்று முதல் பேச்சு இல்லை. நானும் வைகுண்டராஜன் மனைவி புஷ்பமும் மட்டும் மதிலுக்கு மேலே கிண்ணத்தில் குழம்பு மாற்றிக்கொள்வோம்.

இன்று அவர் மொட்டைமாடியில் நின்று எங்கள் முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வாய் திறந்தது மாதிரி இருந்தது. பிறகு இறங்கிப் போய்விட்டார். "வயிறு எரியுது" என்றார் ஆன்ட்ரூஸ், மகா சந்தோஷமாக.

கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு சுளை எடுக்க உட்கார்ந்தோம். அண்டை அயலுக்கெல்லாம் கொடுத்தேன், புஷ்பத்துக்கும் ஒரு கிண்ணம். தோல் மடலெல்லாம் பால்காரர் மாட்டுக்கு. கார் உறையில் கொஞ்சம் சாறு தெறித்திருந்தது, ஈரத்துணியால் துடைத்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

எப்படி எழுத.

சபைக்குப் போக உறையை எடுத்தேன். முன்னால், டிரைவர் பக்கத்து மட்காடு குழிந்து கிடக்கிறது. போனெட் ஓரத்திலிருந்து டயருக்கு மேல்வரை, ஒரு சருவப் பாத்திரத்தைக் கவிழ்த்து அமுக்கினது போல. பெயிண்ட் உதிர்ந்து தகரம் தெரிகிறது.

சக்கை. சக்கையேதான். கொம்பு நேரே அந்த இடத்துக்கு மேலேதான் நிற்கிறது. வியாழக்கிழமை சக்கையைப் பார்த்தோமே தவிர உறைக்குள்ளே என்ன ஆயிற்று என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. முற்றத்தில் வரிக்கை கிடக்கும்போது காரை யார் பார்ப்பார்?

ஆன்ட்ரூஸ் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "புதன்கிழமை நீ எங்கயும் தட்டலியே?" என்று மெதுவாகக் கேட்டார். "இல்ல, சக்கை விழுந்ததுல்லா" என்றேன். "ஓ, சக்கை" என்றார். அந்த "ஓ" எனக்குப் பிடிக்கவில்லை.

சபை முற்றத்தில் வண்டியை நிறுத்தியதும் பெண்கள் சங்கம் முழுவதும் வந்து பார்த்தது. சக்கை என்று சொன்னேன். "ஆமா டீச்சர், சக்கைதான்" என்று சொல்லி ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். பிரசங்கம் என்ன என்று கேட்டால் தெரியாது.

ஜூன் 10, திங்கள்

அரண்மனைக்குப் போகவில்லை. தக்கலையில் ஒரு ஒர்க்ஷாப்புக்குப் போனேன். அங்கே இருந்த ஆள் குனிந்து பார்த்தான், நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "டீச்சர், மதிலா, போஸ்டா?" என்றான். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். திருப்பியது சரியாக ஒரே மூச்சில், அதையும் எழுதி வைக்கிறேன்.

சாட்சி என்று எதுவும் இல்லை. சுளையைத் தின்றாயிற்று. மடலை மாடு தின்றாயிற்று. உறையில் இருந்த சாற்றை நானே என் கையால் துடைத்தாயிற்று. தங்கள் சாட்சியைத் தாங்களே எண்ணெய் தடவி உரித்துத் தின்ற குடும்பம் எங்களைத் தவிர வேறு எங்காவது உண்டா?

ஜூன் 12, புதன்

ஆன்ட்ரூஸ் ஜினிஷாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் துணி மடித்துக்கொண்டு அடுத்த அறையில் இருந்தது தெரியாது போல.

"உங்க அம்மை எங்கயோ கொண்டு தட்டிட்டா, மக்கா. சக்கைன்னு சொல்லுகா. நீ ஒண்ணும் கேக்காத. பாவம், ஆசையா படிச்சா. வண்டிய நான் கொடுத்திரலாம்னு இருக்கேன். மார்த்தாண்டத்துல ஒரு புரோக்கர்ட்ட சொல்லியாச்சு."

பாவமா? நான் பாவமா? திட்டியிருந்தாகூட எனக்கு இவ்வளவு பத்திக்கிட்டு வராது. ஊரு சிரிச்சா சிரிக்கட்டும், ஊருக்கு வேற சோலி இல்ல. இவிய எங்கூட எத்தனை வருசமா இருக்காவ — நான் ஒரு பொய் சொல்லி எப்பவாவது கேட்டிருக்காவளா? புடவை விலையக்கூட குறைச்சுச் சொன்னதில்ல. சக்கைன்னா சக்கை. இடிச்சிருந்தா இடிச்சேன்னு சொல்ல எனக்கு என்ன பயம்?

புது வண்டி வாங்கித் தருவாராம், பிறகு பார்க்கலாமாம், அதுவும் போனில்தான் சொன்னார். எனக்குத் தெரியும், அந்தப் பிறகு வராது. இந்த வண்டி போனால் நான் மறுபடியும் பஸ் ஸ்டாப்பில்தான் நிற்பேன்.

ஜூன் 13, வியாழன்

பேசவில்லை. சக்கைக்குரு தீயல் வைத்தேன், அதே சக்கையின் கொட்டை போட்ட குழம்பு. அவர் தட்டில் வேண்டுமென்றே அதிகம் போட்டேன்.

ஜூன் 15, சனி

நானே நிமிர்த்தப் போகிறேன். யோசித்துத்தான் எழுதுகிறேன். ஒர்க்ஷாப்பில் போய் நின்று "மதிலா, போஸ்டா" கேட்டுக்கொள்ள முடியாது. நெளிந்த மட்காடோடு வண்டி நின்றால் அந்தப் புரோக்கர் வந்து கொண்டு போய்விடுவான். யூடியூபில் ஒரு மலையாளி சாவகாசமாகச் சொல்லித் தருகிறான். மட்காடு ஒட்டவைத்ததில்லை, போல்டில்தான் நிற்கிறது. கழற்றலாம், தட்டலாம், மாட்டலாம்.

ஆன்ட்ரூஸ் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "ஏட்டி, கைய கிழிச்சுக்கிடாத."

"உங்களுக்கென்ன, பேப்பர் படியுங்க."

இரண்டு நாளாக நான் அவரிடம் பேசிய முதல் வாக்கியம்.

ஜூன் 18, செவ்வாய்

போனெட்டுக்கு அடியில் உள்ள போல்டுகள் சாது. கதவிடுக்கில் இருந்தது கொஞ்சம் முரண்டு பிடித்தது. எல்லாவற்றுக்கும் கீழே, சேறு படிந்த இடத்தில் ஒன்று, துருப்பிடித்து அசையவே மாட்டேன் என்கிறது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்தேன். கை முழுதும் நாறுகிறது. பைபிளில் சங்கீதம் வாசிக்கும்போதுகூட மண்ணெண்ணெய் வாடை. ஆனால் ஒரு விசேஷம்: ஸ்பானர் பிடித்திருக்கும் நேரத்தில் எனக்குக் கோபமே வருவதில்லை.

ஜூன் 19, புதன்

கழன்றது. இண்டிகேட்டர் வயரைப் பிடுங்க மறந்து இழுத்துவிட்டேன், அது வேறு. மட்காடு இல்லாமல் வண்டியைப் பார்க்க பல் விழுந்த பிள்ளை போல இருக்கிறது. அதன்மேல் ரொம்பப் பிரியமாக இருந்தது.

ஜூன் 20, வியாழன்

அரிசிச் சாக்கில் மணல் நிறைத்து, அதன்மேல் மட்காடைக் கவிழ்த்துப் போட்டு, உள்பக்கத்திலிருந்து மரச்சுத்தியலால் தட்ட ஆரம்பித்தேன். சாப்பிட்டு முடித்த மத்தியான நேரம். தட்டத் தட்ட ஊரே அதிருகிறது. பழைய தகரத்துக்கு இவ்வளவு தொண்டையா என்று எனக்கே ஆச்சரியம்.

மதிலுக்கு மேலே வைகுண்டராஜன் தலை தெரிந்தது. பனியன், கலைந்த முடி. "டீச்சர், மனுசன் செத்த நேரம் கண்ணசர வேண்டாமா? இது என்ன சிங்காரி மேளமா?"

"மட்காடு நிமித்துகேன் அண்ணாச்சி. வேற நேரம் இல்ல."

"இப்பிடி அடிச்சா நிமிராது, கிழியும். ஆடுகு பாத்தியளா. ஆராவது ரெண்டு பேரு பிடிக்கணும்."

சொன்னவர் போய்விடுவார் என்று நினைத்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு கேட் வழியாக உள்ளே வந்துவிட்டார். இரண்டு வருடத்துக்குப் பிறகு. ஆன்ட்ரூஸ் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். வைகுண்டராஜனுக்கும் இந்த வேலை ஒன்றும் தெரியாது, அவர் தேங்காய் வியாபாரி. ஆனால் தூக்கம் போன கோபத்தில் ஒரு ஓரத்தை இறுக்கிப் பிடித்தார். மறு ஓரத்துக்கு ஆள் இல்லை.

"டீச்சர், ஒங்க வீட்டுக்காரரு சும்மாதான இருக்காரு. வந்து பிடிக்கச் சொல்லுங்க."

"ஏட்டி, முட்டு வலிக்குன்னு சொல்லு அவருட்ட" என்றார் பேப்பருக்குப் பின்னாலிருந்து.

"முட்டாலயா பிடிக்கப் போறாருன்னு கேளுங்க டீச்சர்."

நான் ஒரு முக்காலியைக் கொண்டுபோய் மணல்சாக்குப் பக்கத்தில் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து ஆன்ட்ரூஸ் வந்து உட்கார்ந்தார்.

ஜூன் 21, வெள்ளி

இன்றும் இரண்டு பேரும் வந்தார்கள். மட்காடு பெரும்பாலும் நிமிர்ந்துவிட்டது. மேடான இடங்களை உள்ளே அம்மிக்குழவியை அண்டக் கொடுத்து வெளியிலிருந்து தட்டுகிறேன். அம்மிக்குழவி யோசனை என்னுடையது. யூடியூப் மலையாளிக்கு அது தெரியாது.

அவர்கள் இன்னமும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. எல்லாம் என் வழியாக. தபால்காரியாகிவிட்டேன்.

ஜூன் 22, சனி

இன்று நடந்ததை ஒன்றும் விடாமல் எழுத வேண்டும்.

கடைசிக் குழியைத் தட்டிக்கொண்டிருந்தேன். டயருக்கு மேலே மடிப்பு வருகிற இடம், வழிக்கு வரவே இல்லை. ஆன்ட்ரூஸ் சிரித்துக்கொண்டு, என்னைத் தேற்றுகிற குரலில் சொன்னார்: "எந்தப் போஸ்டுன்னு தெரியல்ல, நல்ல உறப்புள்ள போஸ்டு, என்ன?"

சுத்தியலைக் கீழே வைத்துவிட்டேன். அழக் கூடாது என்று மணல்சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஓய்" என்றார் வைகுண்டராஜன். என்னை அல்ல, ஆன்ட்ரூஸை. நேராக. "போஸ்டும் இல்ல, மதிலும் இல்ல. சக்கை. நான் கண்டேன்."

ஆன்ட்ரூஸ் கையிலிருந்து தகரம் நழுவியது.

"மாடியில நிக்கேன். காம்பு விட்டுது, நேரே வந்து வண்டிக்க மேல இடிச்சுது, பொறகு உருண்டு கீழ விழுந்து வெடிச்சுது. அந்தச் சத்தம் கேட்டுத்தான் நீங்க ரெண்டு பேரும் ஓடிவந்தது."

"அப்பமே சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி" என்றேன் நான்.

"எப்பிடிச் சொல்ல டீச்சர்? எங்க சக்கை, எங்க சக்கைன்னு ரெண்டு வருசமா சத்தம் போட்டவன் நான். அண்ணைக்கு மட்டும் எங்க சக்கை இல்லன்னு சொல்ல முடியுமா? வண்டிய நெளிச்சது எங்க சக்கைன்னு வந்து நிக்கவும் மனசு வரல்ல. ஊருல டீச்சரப் பத்திப் பேச்சு வந்த பொறவு எனக்கு உறக்கமும் வரல்ல. சுத்தியல் சத்தமெல்லாம் ஒரு சாக்கு."

ஆன்ட்ரூஸ் குனிந்து தகரத்தை மறுபடியும் பிடித்துக்கொண்டார். பிறகு, "அது எங்க மண்ணுல விழுந்த சக்கை. அப்பம் எங்க சக்கைதான். உமக்கு அதுல ஒண்ணும் இல்ல" என்றார்.

"மரம் யாருக்க மரம்? எங்க சக்கைதான் ஓய்."

"எங்க சக்கைன்னு சொல்லுகேன்லா."

இரண்டு வருடம் பேசாமல் இருந்தவர்கள், அதே சண்டையை, அதே வார்த்தைகளால், இப்போது பழத்துக்காக இல்லாமல் பழிக்காகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போய் மூன்று பேருக்கும் சாயா போட்டேன். அடுக்களையில் நின்று கொஞ்சம் அழுதேன். நல்ல அழுகை.

சாயங்காலம் ஆன்ட்ரூஸ் மஸ்கட்டுக்குப் போன் போட்டார். எனக்குக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார், அது எனக்கு நன்றாகவே தெரிந்தது. "மக்கா, அது சக்கைதான். அம்மை தட்டல்ல. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

"அம்மாதான் அன்னைக்கே சொன்னாங்கல்லா அப்பா" என்றாள் என் மகள்.

ஜூன் 23, ஞாயிறு

ஆராதனை முடிந்து புறப்படும்போது ஆன்ட்ரூஸ் சபை முற்றத்தில் நின்று பெண்கள் சங்கத் தலைவியிடம், அவள் கேட்காமலே, சக்கைக் கதையைச் சொன்னார்.

ஜூன் 26, புதன்

பட்டி பூசி, காய விட்டு, தண்ணீர் தொட்டுத் தொட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். தேய்த்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கண் ஏமாறும், விரல் ஏமாறாது. வைகுண்டராஜன் தடவிப் பார்த்து, "குழந்தைக்க கன்னம்" என்றார். ஆன்ட்ரூஸ் தடவிப் பார்த்து, "இஞ்ச ஒரு மேடு கெடக்கு" என்றார். மேடு இருந்தது உண்மைதான். மறுபடியும் தேய்த்தேன்.

ஜூன் 28, வெள்ளி

கோட்டாறில் பெயிண்ட் கடை. நிறம் பார்க்கப் பெட்ரோல் மூடியைக் கழற்றிக்கொண்டு போகச் சொன்னான் யூடியூப் மலையாளி. எடுத்துப் பையில் வைத்தேன். பஸ்ஸில் ஏறிப் பார்த்தால் நான் எடுத்து வந்தது சுடுதண்ணீர் பிளாஸ்க் மூடி. இரண்டும் அடுக்களை மேசைமேல்தான் கிடந்தன. திரும்பிப் போக மனமில்லை. "மாருதி வெள்ளை" என்று சொல்லி வாங்கி வந்தேன். வெள்ளையில் என்ன பெரிய வித்தியாசம் இருந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

ஜூன் 30, ஞாயிறு

இருந்தது. ஆராதனை முடிந்து வந்து வெயிலில் வைத்துப் பெயிண்ட் அடித்தோம். வண்டி இருபது வருட வெயில் குடித்துப் பாலாடை நிறத்தில் நிற்கிறது, மட்காடு பாதிரியார் அங்கி மாதிரி பளீரென்று நிற்கிறது.

"பல்செட்டு வச்ச மாதி இருக்கு" என்றார் வைகுண்டராஜன்.

"எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார் ஆன்ட்ரூஸ். என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரா, மட்காடைப் பார்த்துச் சொன்னாரா, தெரியவில்லை.

மாட்டியாயிற்று. ஒரு போல்ட் மிஞ்சிவிட்டது. எங்கே விட்டது என்று மூன்று பேரும் தேடினோம், கிடைக்கவில்லை. போனெட்டுக்கும் மட்காட்டுக்கும் நடுவே ஒரு முனையில் சுண்டுவிரல் போகும், மறுமுனையில் நகம்கூடப் போகாது. இருந்தால் என்ன. கதவு இடிக்காமல் திறக்கிறது, டயர் உரசாமல் சுற்றுகிறது.

ஜூலை 1, திங்கள்

அரண்மனை லீவு. போனோம். ஆன்ட்ரூஸ் கால்மிதியை அழுத்தினார். "அங்க பிரேக் இல்ல" என்றேன். "தெரியும்" என்றார்.

ஜூலை 4, வியாழன்

புரோக்கர் வந்தான். நான் உள்ளே இருந்தேன், வாசலில் பேச்சு கேட்டது. "கொடுக்கதா இல்ல. எங்க வீட்டம்மா ஓட்டுகா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

எங்க வீட்டம்மா ஓட்டுகா. இரண்டு தடவை எழுதிப் பார்த்தேன்.

ஜூலை 20, சனி

கொம்பில் கடைசிச் சக்கை. வைகுண்டராஜன் மரத்தில் ஆள் ஏற்றி, கயிறு கட்டி, மெதுவாக எங்கள் முற்றத்தில் இறக்கினார். காரை முன்கூட்டியே ரோட்டில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன். பாதிப் பாதி. இனி எப்போதும் பாதிப் பாதி என்று பேச்சு. மழை குடித்துக் கூழன்பழம் மாதிரிக் குழைந்து போயிற்று, யாருக்கும் பிடிக்கவில்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

எவ்வளவு நாளாயிற்று இதில் எழுதி. வண்டி ஓட்டுகிறவளுக்கு எழுத நேரம் ஏது.

இன்று தனியாக இராஜாக்கமங்கலம் போயிருந்தேன், தங்கச்சி எப்சி வீட்டுக்கு. நல்ல மழைத் தூறல். புறப்படும்போது ரிவர்ஸ் எடுத்தேன், அவள் கையாட்டினாள், நானும் கையாட்டினேன் — பின்னால் கேட் தூண். சத்தம் சின்னதுதான். பின் பம்பர் ஒரு பக்கம் உள்ளே போய்விட்டது.

இந்தத் தடவை சக்கை இல்லை. நான்தான். முழுக்க முழுக்க நான். வீட்டுக்கு வந்ததும் ஆன்ட்ரூஸிடம் அப்படியே சொன்னேன்: "ரிவர்ஸுல தூணுல இடிச்சிட்டேன்." குனிந்து பார்த்தார். "கிழியல்ல. மணல்சாக்கு எங்க கெடக்கு?" என்று மட்டும் கேட்டார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு சாயாக்கடைக்குப் போனார்.

மழை வலுத்தது. முட்டு வலியோடு நனைந்து வருவாரே என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். கடை முன்னால் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினேன். உள்ளே ஏழெட்டுப் பேர். ஆன்ட்ரூஸ் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் வண்டியின் பின்பக்கத்தைக் கண்டுவிட்டார்.

"மாமா, பம்பரு உள்ள போயிருக்கே. அத்தை எங்கயும் தட்டினாவளா?"

நான் வாயைத் திறந்தேன், ஆமாம் நான்தான் என்று சொல்ல.

"சக்கை விழுந்தது" என்றார் ஆன்ட்ரூஸ், திரும்பிப் பார்க்காமல்.

"ஐப்பசி மாசத்துல ஏது மாமா சக்கை?"

"எங்க கொம்புல உண்டும்."

மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த வைகுண்டராஜன் ஒரு பக்கத்தைத் திருப்பினார், தலை தூக்கவே இல்லை.

"ஆமா" என்றார். "நான் கண்டேன்."